மாஸ் எஃபெக்ட் 3: முடிவை எதிர்த்த ரசிகர்கள் உண்மையில் கேட்டது என்ன?

ரிலே வாசி எழுதியது:

மூன்று பாகங்களின் கதையும் இங்கே முழுமையாகப் பேசப்படும் என்பதால், இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் இத்துடன் திரும்பிவிடுவது நல்லது.

2012 மார்ச் 6 அன்று பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் 3 என்ற வீடியோ கேம் வெளியானதும் எழுந்த எதிர்ப்பைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் பலர் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கதாநாயகன் சாவதைப் பொறுக்காத ரசிகர்கள் அடம்பிடித்தார்கள், நிறுவனமும் பணிந்துபோனது என்பதே அந்த வரி. ஆனால் கதாநாயகன் ஷெப்பர்ட் இறக்கக்கூடும் என்பதைத் தொடக்கத்திலிருந்து விளையாடிய எவரும் எதிர்பார்த்தே இருந்தார்கள். இரண்டாம் பாகத்தின் இறுதிப் பணியிலேயே, போதிய ஆயத்தமின்றிப் போனால் குழுவினர் எல்லோரும் மடிந்து ஷெப்பர்டும் உயிரிழக்கிற முடிவு ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் இப்படிக் கொதிக்கவில்லை. அந்தச் சாவுக்கு நாம் எடுத்த முடிவுகளே காரணம் என்பது தெளிவாகத் தெரிந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

2007-இல் முதல் பாகம் வந்தபோது பயோவேர் தந்த வாக்குறுதி எளிமையானது. இங்கே நீங்கள் எடுக்கும் முடிவு அடுத்த பாகத்துக்கும் உங்களோடு வரும் என்றார்கள். அதை நம்பித்தான் சேவ் ஃபைலைப் பத்திரப்படுத்தி 2010-இல் இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து மூன்றாம் பாகத்துக்கும் கொண்டுபோனோம். ராக்னி அரசியை உயிரோடு விட்டோமா, மன்றத்தைக் காப்பாற்றினோமா, சேகரிப்பாளர்களின் தளத்தைத் தகர்த்தோமா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. இயக்குநர் கேசி ஹட்சனும் வெளியீட்டுக்கு முன் அளித்த பேட்டியில், முடிவுகளை ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லிவிடுகிற வழக்கமான பாணி இதில் இருக்காது என்று கூறியிருந்தார்.

கடைசியில் கிடைத்தவை மூன்று வழிகள். எதிரிகளான ரீப்பர் இயந்திரங்களை அழித்தால் சிவப்பு அலை, கட்டுப்படுத்தினால் நீல அலை, உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாக்கினால் பச்சை அலை. அலையின் நிறம் மாறியதே தவிர, அதற்குப் பின் வந்த காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஏ, பி, சி இருக்காது என்று சொன்னவர்கள் அதையே கையில் கொடுத்தார்கள் என்று மக்கள் கொதித்ததில் வியப்பென்ன?

என் பார்வையில் அந்த எதிர்ப்பு நியாயமானது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

பனிமூட்டம் எழுதியது:

வாக்குறுதி பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எதிர்ப்பை ஏற்க முடியவில்லை. ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் விமர்சிக்கலாம், அடுத்த கேமை வாங்காமல் இருக்கலாம். படைத்தவர்களிடம் போய் மாற்றி எழுதுங்கள் என்று கோருவது வேறு விஷயம். அன்று ஒரு ரசிகர் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம், விளம்பரத்தில் சொன்னதும் கிடைத்ததும் வேறு வேறு என்று புகாரே கொடுத்தார். ஒரு கதையின் முடிவை நுகர்வோர் புகாராக மாற்றிவிட்டால், நாளை எந்த எழுத்தாளரும் எந்தத் துணிச்சலான முடிவையும் எழுத முன்வரமாட்டார்.

ரானாக் கரை எழுதியது:

துணிச்சலான முடிவு என்று நண்பர் பனிமூட்டம் சொல்வதால், அந்த முடிவை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என் குறை வாக்குறுதியைப் பற்றியது கூட அல்ல. மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாலும், கடைசிப் பத்து நிமிடங்கள் அந்தக் கதையையே மறுத்துவிடுகின்றன என்பதே என் குறை.

குவாரியன்கள் தங்கள் வேலைக்காகப் படைத்த இயந்திரங்கள் கெத். அவற்றுக்கு அறிவு துளிர்த்து, தங்களுக்கு ஆன்மா உண்டா என்று ஒரு நாள் கேட்கின்றன. அச்சத்தில் குவாரியன்கள் அவற்றை அழிக்க முயல்கிறார்கள். போரில் தோற்றுத் தாய்க்கோளான ரானாக்கை இழந்து, மூன்று நூற்றாண்டுகளாகக் கப்பல்களிலேயே அலைகிறார்கள். மூன்றாம் பாகத்தில் நாம் ரானாக்குக்குப் போகும்போது, இரு தரப்பில் ஒன்று அழிந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு வழியும் திறக்கிறது. அதற்கு ஷெப்பர்டின் தோழர்களான குவாரியன் டாலியும் கெத் லீஜியனும் இரண்டாம் பாகத்தின் இறுதிப் பணியில் உயிர் பிழைத்திருக்க வேண்டும், அவர்களுக்கிடையே மூண்ட சண்டையைப் பக்கம் சாயாமல் தீர்த்திருப்பதும், டாலி தன் மக்களால் நாடு கடத்தப்படாமல் இருந்திருப்பதும் அதற்குப் பெரிதும் கைகொடுக்கும். இவை யாவும் முந்தைய பாகத்தில், இதற்காகத்தான் என்று தெரியாமலேயே நாம் செய்தவை. அத்தனையும் கூடி வந்தால், குவாரியன் கப்பற்படை சுடுவதை நிறுத்துகிறது; லீஜியன் தன்னையே கொடுத்துத் தன் இனத்துக்கு முழு அறிவை அளிக்கிறது; முன்னூறு ஆண்டுகளுக்கு முன் கெத் கேட்ட கேள்விக்கு, ஆம், உண்டு என்று டாலி பதில் சொல்கிறாள். தொடர் முழுவதிலும் அதைவிட உயர்ந்த தருணம் எனக்குத் தெரியவில்லை.

இனி முடிவுக்கு வாருங்கள். ரீப்பர்களை இயக்கும் செயற்கை அறிவான கேட்டலிஸ்ட் சிறுவன் உருவில் வந்து, படைக்கப்பட்ட இயந்திரங்கள் எப்போதும் படைத்தவர்களை எதிர்த்து அழிக்கும் என்றும், அதைத் தடுக்கவே ரீப்பர்கள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து முதிர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்கின்றன என்றும் விளக்குகிறது. அதே நேரத்தில், இந்தப் பேச்சு நடக்கும் சிட்டடெல் விண்வெளி நிலையத்துக்கு வெளியே குவாரியன் கப்பல்களும் கெத் கப்பல்களும் ஒரே அணியில் நின்று போரிட்டுக்கொண்டிருக்கின்றன. ஷெப்பர்டின் கப்பலில் செயற்கை அறிவான எடியும் மனித விமானி ஜோக்கரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். மூன்று பாகங்களாக எல்லோரிடமும் வாதாடி வென்ற ஷெப்பர்டுக்கு, வெளியே பார் என்று ஒரு வாக்கியம் சொல்ல அந்த உரையாடலில் இடம் தரப்படவில்லை. ரசிகர்கள் சோகத்தையா எதிர்த்தார்கள்? தாங்கள் பாடுபட்டு நிரூபித்ததை இல்லையென்று சொல்லும் ஒருவனிடம் பதில் பேசக்கூட வாய்ப்பில்லாமல் போனதைத்தான் எதிர்த்தார்கள்.

பனிமூட்டம் எழுதியது:

இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சில வாரப் போர்க்கூட்டணி, கோடிக்கணக்கான ஆண்டுகள் பார்த்திருக்கும் கேட்டலிஸ்டுக்குச் சான்றாகாது என்று ஒருவர் சொல்லலாமே.

ரானாக் கரை எழுதியது:

தாராளமாகச் சொல்லலாம். அதைக் கேட்டலிஸ்ட் சொல்லியிருக்க வேண்டும், ஷெப்பர்ட் கேட்டிருக்க வேண்டும். அந்த வாதத்தை இத்தனை ஆண்டுகள் கழித்து நீங்கள் இங்கே அதற்காகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே எழுத்தில் இருந்த ஓட்டை.

நிரல் நெசவாளர் எழுதியது:

கேம் உருவாக்கத் துறையில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். யாரையும் நியாயப்படுத்துவது என் நோக்கம் அல்ல.

கிளைகள் பிரிகிற கதையில் செலவு கடைசியில்தான் கழுத்தை நெரிக்கும். நடுப்பகுதியில் ஒரு பாத்திரம் இறந்திருந்தால் அதன் இடத்தில் இன்னொன்றை நிறுத்தி, வசனத்தைச் சற்று மாற்றிச் சமாளித்துவிடலாம். முதல் பாகத்தில் ராக்னி அரசியைக் கொன்றிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட வேறோர் அரசி வந்து நிற்பது இந்தச் சமாளிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. முடிவில் அப்படிச் செய்ய இயலாது. ஒவ்வொரு கிளைக்கும் தனிக் காட்சி, தனி அசைவூட்டம், தனிக் குரல் பதிவு தேவை. அதனால் அவர்கள் எல்லா முடிவுகளையும் எண்ணாக மாற்றினார்கள். நாம் சேர்த்த படைகள், காப்பாற்றிய இனங்கள், கண்டெடுத்த கருவிகள் யாவும் போர்வலிமைப் புள்ளிகளாயின. அதோடு ஆயத்த நிலை என்ற ஒன்றை வைத்து, அதை 50 விழுக்காட்டில் தொடங்கினார்கள். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பக்கம் போகாதவர்களுக்குச் சேர்த்த புள்ளிகளில் பாதிதான் கணக்கில் வந்தது. கதையை மட்டும் நம்பி வந்தவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் ஏற்பாடு வேறொன்று இருக்க முடியாது.

காலமும் அவர்களுக்கு எதிராக இருந்தது. 2011 நவம்பரில் சோதனைப் பதிப்பின் வழியாகக் கதைக்குறிப்புகள் வெளியே கசிந்தன. உருவாக்கத்தின் இறுதிக் கட்டத்தைப் பதிவு செய்த ஒரு செயலி பின்னர் வெளிவந்தது. அதில் முதன்மை எழுத்தாளர் மேக் வால்டர்ஸ் முடிவைப் பற்றிக் கைப்பட எழுதிய குறிப்புத்தாள் ஒன்றைக் காட்டினார்கள். எல்லோரும் பலவாறு ஊகிக்க வேண்டும் என்ற பொருளில் பெரிய எழுத்துகளில் அதில் எழுதியிருந்தது. ரசிகர்கள் அந்தத் தாளைப் பார்த்துக் கொந்தளித்தார்கள். எனக்கோ அது சதியாகத் தெரியவில்லை. தெளிவின்மையை ஆழம் என்று நினைத்துவிடுகிற மயக்கம் களைத்துப்போன எந்தக் குழுவுக்கும் வரக்கூடியதுதான். ஷெப்பர்ட் ரீப்பர்களின் பிடிக்குள் விழுந்து, விளையாடுபவரின் கட்டுப்பாட்டிலிருந்து மெல்ல நழுவுகிற ஒரு பகுதியை யோசித்து, இயக்கிக் காட்டுவது கடினம் என்று விட்டுவிட்டதாகவும் அதே செயலி சொல்கிறது.

ஊகக்காரன் எழுதியது:

அப்படியானால், ஷெப்பர்ட் ரீப்பர்களின் மனவசியத்துக்கு ஆட்பட்டிருந்தார், கடைசியில் கண்டதெல்லாம் அவர் மனத்துக்குள் நடந்ததே என்ற ரசிகர்களின் கோட்பாடு முற்றிலும் கற்பனை அல்ல என்றாகிறதே. கனவுகளில் வரும் அந்தச் சிறுவன், லண்டனில் ஒளிக்கற்றையால் தாக்கப்பட்ட பின் மாறிப்போகும் சூழல், அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து உச்ச வலிமையும் இருந்தால் மட்டும் இடிபாடுகளுக்கு நடுவே யாரோ மூச்சு இழுக்கும் அந்த ஒரு நொடி, எல்லாம் பொருந்துகின்றன.

நிரல் நெசவாளர் எழுதியது:

கைவிட்ட யோசனையின் எச்சங்கள் ஆங்காங்கே தங்கியிருக்கலாம். அதைக் கொண்டு அவர்கள் மறைத்துவைத்த உண்மையான முடிவு ஒன்று இருந்தது என்று சொல்வது அதிகம். எழுதியவர்கள் செய்யத் தவறியதை ரசிகர்கள் செய்து கொடுத்தார்கள் என்பதே அந்தக் கோட்பாட்டின் பெருமை. அது எழுதியவர்களின் திறமைக்குச் சான்று அல்ல.

மௌன வாசகி எழுதியது:

எல்லோரும் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிர்ப்பு எப்படி நடந்தது என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. இழையைத் தொடங்கியவரின் கேள்வியே அதுதானே?

மாஸ் எஃபெக்டை மீட்போம் என்ற பொருளில் பெயர் சூட்டிக்கொண்டு திரண்டவர்கள், வசைபாடுவதற்குப் பதிலாக ஒரு நற்பணியைச் செய்து கவனத்தை ஈர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மைகளும் கேம்களும் வாங்கித் தரும் சைல்ட்ஸ் பிளே அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார்கள். மிகக் குறுகிய காலத்தில் 80,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதன்பின் அறக்கட்டளையே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. புதிய முடிவைத் தயாரிக்கும் செலவுக்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்த சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டதும், அறப்பணி ஒரு கோரிக்கையின் கருவியாகத் தோன்றியதும் அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டன. நோக்கம் நல்லதாக இருந்தாலும் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் ஒரு நெருடல் உண்டு என்பதை நானும் உணர்கிறேன்.

கப்கேக் அனுப்பியவர்கள்மீது எனக்கு அப்படி எந்த நெருடலும் இல்லை. கனடாவின் எட்மன்டனில் உள்ள பயோவேர் அலுவலகத்துக்கு 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகள் போய்ச் சேர்ந்தன. மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறங்கள். எதைக் கடித்தாலும் உள்ளே ஒரே வனிலா சுவை. பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனங்கள் சொன்னதை அந்தப் பெட்டிகள் வாயே திறக்காமல் சொல்லிவிட்டன. பயோவேரும் கோபப்படாமல் அவற்றை இளைஞர் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, பயோவேரின் பெண் எழுத்தாளர் ஒருவரை இணையத்தில் கூட்டமாகச் சேர்ந்து மிகக் கீழ்த்தரமாக வசைபாடினார்கள். அவர் பழைய பேட்டி ஒன்றில் சொன்ன கருத்தே அதற்குச் சாக்கு. முடிவுக்கான எதிர்ப்பு அதிலிருந்து பிறந்தது அல்ல என்றாலும், இரண்டும் ஒரே காற்றில் கலந்துவிட்டதால், கண்ணியமாக எதிர்த்தவர்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டார்கள். எதிர்ப்பு அடம் என்று இன்று நினைவில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பனிமூட்டம் எழுதியது:

கப்கேக் விஷயத்தில் எனக்கும் மறுப்பு இல்லை. அது விமர்சனம், அதுவும் நல்ல விமர்சனம். என் எதிர்ப்பு எல்லாம் மாற்றி எழுதுங்கள் என்ற கோரிக்கைக்கு மட்டுமே.

ரிலே வாசி எழுதியது:

அந்தக் கோரிக்கைக்கும் முன்மாதிரி உண்டு, நண்பரே. 2008-இல் வந்த ஃபால்அவுட் 3-இன் கடைசியில், கடும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது போய்ச் சாக வேண்டும். கதிர்வீச்சு பாதிக்காத ஃபாக்ஸ் என்ற தோழன் நம் பக்கத்திலேயே நிற்கிறான். நீ போ என்றால், இது உன் விதி என்று தத்துவம் பேசி மறுக்கிறான். அதை வாசித்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில் பெதஸ்டா அந்த முடிவைத் திருத்தி, கதையையும் தொடர வைத்தது. கலையின் மதிப்பு போய்விட்டது என்று அப்போது யாரும் வருந்தவில்லை. அதைக் காசுக்கு விற்றார்கள் என்பது வேறு கதை.

பயோவேரின் அணுகுமுறையையும் கவனியுங்கள். 2012 மார்ச் 21 அன்று இணை நிறுவனர் ரே முசைக்கா எழுதிய திறந்த மடலில், படைப்பின் நேர்மையைக் காத்துக்கொண்டே ரசிகர்களின் கருத்துக்கும் செவிசாய்க்க வழி தேடுவதாகச் சொன்னார். ஏப்ரல் 5 அன்று, முடிவுக் காட்சிகளை விரிவாக்கும் எக்ஸ்டெண்டட் கட் என்ற கூடுதல் பகுதி அறிவிக்கப்பட்டது. ஜூன் 26 அன்று விலையின்றி வெளிவந்தது. முடிவை அவர்கள் மாற்றவில்லை, விளக்கினார்கள்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதுதான் மூன்று பாகங்களும் சேர்ந்த மறுபதிப்பான லெஜண்டரி எடிஷனில் மூன்றாம் பாகத்தின் நடுவில் இருக்கிறேன். முடிவு என்னவென்று எப்போதோ தெரிந்துவிட்டதால் ஸ்பாய்லரைப் பற்றிக் கவலை இல்லை. என் கேள்வி, நான் பார்க்கப்போவது நீங்கள் 2012-இல் பார்த்த அதே முடிவா? அந்த எக்ஸ்டெண்டட் கட் எதைச் சரி செய்தது?

ரானாக் கரை எழுதியது:

2021 மே மாதம் வந்த லெஜண்டரி எடிஷனில் எக்ஸ்டெண்டட் கட் உள்ளேயே இருக்கிறது. ஆகவே நாங்கள் அன்று பார்த்ததை நீங்கள் பார்க்கமாட்டீர்கள். எதற்காக இத்தனை ஆரவாரம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

முதல் பதிப்பில், லண்டன் போரில் நம் பக்கத்தில் ஓடிவந்த தோழர்கள் சில நிமிடங்களில் நார்மண்டி கப்பலுக்குள்ளிருந்து ஏதோ ஒரு காட்டுக்கோளில் இறங்கி வருவார்கள். எப்போது ஏறினார்கள், ஜோக்கர் ஏன் போரை விட்டுப் பறந்தான், ஒன்றும் தெரியாது. இப்போது நார்மண்டி இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி இருக்கிறது. எதிரியின் ஒளிக்கற்றைக்கு நேர் முன்னால் கப்பல் நின்று வழியனுப்புவது கொஞ்சம் வேடிக்கைதான் என்றாலும், ஓட்டை அடைபட்டது.

கப்பல்களை ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் அனுப்பும் மாஸ் ரிலேக்கள் இன்னும் பெரிய சிக்கல். அரைவல் என்ற கூடுதல் பகுதியில், ஒரே ஒரு ரிலே உடைந்ததற்கு அந்த விண்மீன் மண்டலமே அழிந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படேரியன் இனத்தார் மாண்டார்கள். அதை விளையாடியவர்கள் இறுதியில் எல்லா ரிலேக்களும் வெடிப்பதைப் பார்த்தபோது, வென்றுவிட்டோம் என்று நினைக்கவில்லை. எல்லோரையும் நாமே கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். அப்படியே பிழைத்தாலும் பூமிக்கு அருகே சிக்கிக்கொண்ட டூரியன்களும் குவாரியன்களும் மனிதர்களின் உணவை உண்ண முடியாத உடலமைப்பு கொண்டவர்கள், பட்டினிதான் கதி. புதிய பதிப்பில் ரிலேக்கள் சேதமடைகின்றன, பின்னர் சீரமைக்கப்படுகின்றன. கேட்டலிஸ்டிடம் கேள்விகள் கேட்கலாம். ஒவ்வொரு இனத்துக்கும் என்ன ஆயிற்று என்று ஓவியங்களோடு கூடிய பின்னுரை வருகிறது. க்ரோகன் இனத்தின் தாய்க்கோளான டுசாங்காவில் குழந்தை பிறந்ததா என்பதும் அதில் தெரியும்.

நான் எழுதிய அந்த ரானாக் வாதம் மட்டும் இன்றுவரை சரியாகப் பதில் பெறவில்லை.

ஊகக்காரன் எழுதியது:

நான்காவதாகச் சேர்த்த வழியை விட்டுவிட்டீர்களே. மூன்றையும் மறுக்கலாம், அல்லது கேட்டலிஸ்டை நோக்கிச் சுடலாம். சுட்டதும் அதன் குரல் கனத்து, அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எல்லோரும் அழிந்துபோவார்கள், ஷெப்பர்டின் தோழி லியாரா புதைத்துவைத்த தகவலைக் கொண்டு அடுத்த சுழற்சியினர் வெல்வார்கள். எதிர்த்த ரசிகர்களைக் குத்திக்காட்டவே அதைச் சேர்த்தார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள்.

மௌன வாசகி எழுதியது:

எனக்கு அது குத்தலாகத் தோன்றவில்லை. கொள்கைக்காக மறுக்கலாம், அதற்கு விலை உண்டு என்று சொல்கிற முடிவு அது. 2012 மார்ச்சிலேயே அது இருந்திருந்தால், மறுத்துத் தோற்றாலும் சரி என்று, எதிர்த்தவர்களில் பாதிப் பேர் அமைதியாகியிருப்பார்கள். முதல் பதிப்பில் குத்தலாக இருந்தது வேறு ஒன்று. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து, பஸ் ஆல்ட்ரின் குரலில் ஒரு முதியவர் சிறுவனுக்குக் கதை சொல்லி முடித்ததும், கூடுதல் பகுதிகளை வாங்கி ஷெப்பர்டின் புகழைத் தொடருங்கள் என்கிற தோரணையில் ஒரு பெட்டி திரையில் தோன்றும். அழுது முடிக்கும் முன்னே கடை விரித்ததுபோல் இருந்தது. எக்ஸ்டெண்டட் கட்டில் அந்த வாசகத்தையும் மாற்றினார்கள்.

பனிமூட்டம் எழுதியது:

அந்தப் பெட்டியை மறந்தே போயிருந்தேன். மாற்றியதற்கு மகிழ்ச்சி. ஆனால் இவ்வளவு திருத்தத்துக்குப் பிறகும் 2017-இல் வந்த ஆண்ட்ரோமெடா, மூன்றாம் பாகத்துக்கு முன்பே புறப்பட்டு வேறொரு விண்மீன் கூட்டத்துக்குப் போய்விட்டவர்களின் கதையாகத்தானே அமைந்தது? அந்த முடிவுகளில் எதைத் தொட்டாலும் சிக்கல் என்று அவர்களே ஒதுங்கிப் போனார்கள். 2020 டிசம்பரில் காட்டிய அடுத்த பாகத்தின் முன்னோட்டத்தில் லியாரா பனியில் நடந்துவந்து ஒரு கவசத் துண்டை எடுத்துப் பார்க்கிறாள். இனி ஏதாவது ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அன்று மற்ற இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மீண்டும் கப்கேக் அனுப்புவார்களா என்பதுதான் என் கேள்வி.

ரிலே வாசி எழுதியது:

அனுப்பினால் இம்முறை சுவையாவது வேறு வேறாக இருக்கட்டும்.

இரண்டாம் ஆட்டம் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செர்பரஸ் என்ற எதிரி அமைப்பின் தலைமையகத்தைத் தாக்கப் புறப்பட்டுவிட்டால் அதன்பின் வேறெங்கும் திரும்பிப் போக முடியாது. அதற்கு முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த சிட்டடெல் என்ற கூடுதல் பகுதியும் உங்கள் பதிப்பில் இருக்கிறது. பழைய தோழர்கள் அனைவரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் பகுதி அது. அதைக் கடைசிக்கு முன் விளையாடிவிடுங்கள். எங்களில் பலர் அதைத்தான் உண்மையான முடிவு என்று கணக்கில் வைத்திருக்கிறோம்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

நன்றி. சேவ் வைத்துவிட்டேன். டாலியும் லீஜியனும் என் ஆட்டத்தில் உயிரோடுதான் இருக்கிறார்கள். ரானாக்குக்கு இன்னும் போகவில்லை.

ரானாக் கரை எழுதியது:

அப்படியானால் முதலில் குவாரியன் கப்பற்படையின் அட்மிரல் கோரிஸை மீட்கும் பணியை முடித்துவிட்டு, அதன்பின் ரானாக்கின் இறுதிப் பணிக்குப் போங்கள். அவரைக் காப்பாற்றுவதும் சமாதானத்துக்கான கணக்கில் சேரும்.